அடங்காத சிறுக்கிகள்

படம் தொடங்கும்போது ‘கலிபோர்னியா, 1957’ என்று திரையில் எழுத்து விழும். உண்மையில் அது ஆக்லாந்து. பென்ரோஸ் பக்கம் கைவிட்டுக் கிடந்த ஒரு பழைய இறைச்சிக் குளிர்க்கிடங்கு. தெருக்காட்சி வேண்டுமென்றால் மவுண்ட் ரோஸ்கில்லில் பலகை வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு ஒழுங்கையை அரைநாளுக்கு மறித்து, பழைய கார்களை அமெரிக்க முறைப்படி வீதியின் மற்றப் பக்கமாக ஓடவிடுவார்கள். இந்த ஊருக்கே உரிய, சிவக்கப் பூத்து நிற்கும் பொஹுட்டுகாவா மரத்துக்கு முன்னால் ஒரு லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி மறைப்பார்கள். இந்த ஊர் டூயிக் குருவி வாய் திறந்தால் ஒலிப்பதிவுக்காரர் தலையில் கைவைத்துவிட்டு இன்னொருதரம் எடுக்கச் சொல்வார். இத்தனைக்கும் நடுவில் அன்றைய வேலையை அன்றைக்கே முடித்துக் கொடுக்கிற பொறுப்பு கிருசாந்தியுடையது. அவள் முதல் உதவி இயக்குநர். ஆட்களைக் கூப்பிடுவது, அமைதி கேட்பது, ஒருவருக்கும் கைகால் முறியாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில்.

அமெரிக்காவில் ஒரு கேபிள் தொலைக்காட்சி, எழுபது வருசத்துக்கு முந்திய மலிவுப் படங்கள் கொஞ்சத்தின் உரிமையை மூட்டையாக வாங்கி வைத்திருந்தது. எல்லாம் இளசுகள் குழம்பித் திரிகிற கதைகள். அப்பனை எதிர்த்த பெடியன், பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடின பெட்டை, மோட்டார் சைக்கிள் கும்பல், சிகரெட், கத்தி. அந்தக் காலத்துச் சனம் திறந்தவெளியில் காருக்குள் இருந்தபடி பார்த்துச் சிரித்து, மறுநாளே மறந்துபோன படங்கள். அவற்றைத் திரும்ப எடுத்துத் தருகிற ஒப்பந்தம் டீன் ஹாலரன் என்கிற ஆக்லாந்துத் தயாரிப்பாளருக்குக் கிடைத்திருந்தது. அந்தத் தொலைக்காட்சிச் சனல்காரருக்கு இரண்டே நிபந்தனை. பழைய படத்தின் பெயர் மாறக்கூடாது. முடிவும் மாறக்கூடாது. எந்தப் படத்திலும் கடைசியில் அந்தப் பிள்ளைகள் அழுது, திருந்தி, பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

இப்படி ஏழெட்டுப் படம் முடித்திருந்தாள் கிருசாந்தி. ஒவ்வொன்றும் முடிகிறபோது டீன் அவள் தோளில் தட்டி, அடுத்த படம் உன்னுடையது, நீதான் இயக்குநர் என்பார். அவர் பொய் சொல்லுகிறார் என்று அவளால் நினைக்க முடிந்ததில்லை. சொல்லுகிற நேரத்தில் அவர் அதை நம்பித்தான் சொன்னார். பிறகு அமெரிக்காவிலிருந்து யாரோ ஒருவர் வேறு ஒரு பெயரைச் சொல்வார்கள். அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு பள்ளிக்கூட வயதில் இங்கே வந்தவள். சினிமா படிக்கப் போகிறேன் என்று வீட்டில் மூன்று மாதம் கதைக்காமல் இருந்து காரியம் சாதித்தவள். ஒரு குறும்படம் எடுத்தாள், நாலு பேர் நல்லதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களின் படத்துக்கு மணி பார்க்கிற வேலைதான். கணவன் மகேசன் ஆல்பனியில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்தான். தகனினியில் இருந்த வீட்டிலிருந்து இரண்டு பேரும் விடிய முன் இரண்டு காரில் ஒரே நெடுஞ்சாலையில் ஏறி, ஒரே நெரிசலில் நிற்பார்கள். இந்தப் படத்தோடு விடுகிறேன் என்று அவள் சொல்வதை அவன் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்தான்.

இந்தமுறை எடுத்த படத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘அடங்காத சிறுக்கிகள்’ என்று வரும். பெண் பிள்ளைகளுக்கான ஒரு சீர்திருத்தப் பள்ளி. மேலதிகாரி ஒரு இராட்சசி. கொடுமை பொறுக்காமல் மூன்று பெண்கள் தண்டனை அறையில் மெத்தைக்குத் தீ வைக்கிறார்கள். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. நல்ல மனமுள்ள ஒரு இளம் வாத்தியார் வந்து உடைத்துத் திறக்கிறார். அவர் காலடியில் விழுந்து மூன்று பேரும் அழுது திருந்துகிறார்கள். அந்த மூவரில் ஒருத்தி மெக்சிக்கோக்காரி, மரியா. பழைய படத்தில் ஒரு வெள்ளைக்காரிக்கு மண்ணிறம் பூசி நடிக்கவைத்திருந்தார்கள். இப்போது அப்படிச் செய்ய முடியாதபடியால் தேவதர்ஷினியைப் பிடித்துப்போட்டார்கள்.

தேவதர்ஷினி மலேசியாவில் கிள்ளான் பக்கத்துக் குடும்பம். நடக்கப் பழகிய வயதில் இங்கே வந்தவள். இருபது வயதாகியும் பதினாறு என்று நம்பக்கூடிய முகம். வீட்டுக்கு வெளியே வாயில் வருவது எல்லாம் ஆங்கிலந்தான். ஆனால் முதல்நாளே கிருசாந்தியின் பெயரைக் கேட்டுவிட்டு, “நீங்க தமிழாக்கா?” என்று வந்து நின்றாள். அதிலிருந்து அக்கா என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். தளத்தில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் அந்த ஒரு சொல் கிருசாந்திக்கு இதமாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து பக்கத்தில் இருந்து நிறையக் கேள்வி கேட்பாள். இந்தப் பிள்ளைகள் இவ்வளவு சண்டை பிடித்துவிட்டுக் கடைசியில் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டாள். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்றாள் கிருசாந்தி. தேவதர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவள்தான். இது போக இன்னும் இரண்டு படத்துக்கு நிறுவனம் கூப்பிட்டால் அவள் வந்தே தீரவேண்டும். அதுவரை வேறெங்கும் நடிக்க முடியாது.

தீக் காட்சி எடுக்கிற நாள் வந்தது. செட் போடக் காசு போதாதபடியால் தண்டனை அறைக்குக் குளிர்க்கிடங்கின் பழைய அறை ஒன்றையே பாவித்தார்கள். வழமையாகச் செட் என்றால் மூன்று சுவர்தான் இருக்கும். நாலாவது பக்கம் திறந்து கிடக்கும், அதன் வழியே யாரும் நடந்து வெளியே வரலாம். இதற்கு நாலு சுவரும் இருந்தது. தடித்த இரும்புக் கதவு ஒன்று, அதில் முக உயரத்தில் கம்பி போட்ட சின்னச் சதுர யன்னல் ஒன்று. வேறு வாசல் இல்லை. தீ உண்மையில்லை, செம்மஞ்சள் விளக்குகளை ஆட்டி ஆட்டிக் காட்டுவது. புகை ஒரு இயந்திரத்திலிருந்து வருவது.

இயக்குநர் நைஜலுக்கு ஒரே ஷாட்டில் எல்லாம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மேலதிகாரியின் கை பூட்டை மாட்டி அழுத்துகிறது, பூட்டு ‘டக்’கென்று விழுகிறது, கமரா அப்படியே மேலே ஏறி யன்னல் கம்பிக்குப் பின்னால் மூன்று முகங்களையும் பிடிக்கிறது, வெட்டில்லாமல் அங்கேயே நிற்கிறது. அதற்கு உண்மையான பூட்டு வேண்டும். அந்தக் காலத்துப் பூட்டு மாதிரி இருக்கவேண்டும் என்று கலைப்பிரிவில் யாரோ ஒட்டாஹுஹுவில் பழைய சாமான் கடையொன்றில் துருப்பிடித்த ஒன்றைத் தேடி வாங்கி வந்திருந்தார்கள்.

ஒத்திகைக்கு வந்த பெண்கள் பூட்டைப் பார்த்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்கள். தொங்கா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை மெலே, வெள்ளைக்காரப் பிள்ளை பிரையோனி, நடுவில் தேவதர்ஷினி. உண்மையாகப் பூட்டினால் உள்ளே போகமாட்டோம். சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை. மாட்டோம் என்பதை மட்டும் சொன்னார்கள். சீர்திருத்தப் பள்ளிச் சீருடையோடு அவர்கள் அப்படி இருந்ததைப் பார்த்து வெளிச்சப் பிரிவில் ஒருவன் சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

டீன் வந்து பார்த்தார். கிருசாந்தியை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், தேவதர்ஷினி நீ சொன்னால் கேட்பாள் என்றார். சனல்காரரிடம் கதைத்துவிட்டேன், அடுத்த படத்துக்கு உன் பெயரை அவர்களே சரி என்றுவிட்டார்கள், இன்றைக்கு இது முடிந்தால் போதும் என்றும் சொன்னார். முதல் தடவையாக அவர் கைபேசியில் அந்தச் செய்தியையும் காட்டினார். அவள் பெயர் அதில் இருந்தது, எழுத்துப் பிழையோடு.

கிருசாந்தி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பூட்டு விழுகிறவரைக்குந்தான் கமரா கீழே நிற்கும். மேலே ஏறினதும் பூட்டு படத்தில் தெரியாது. அந்த நேரத்தில் தானே கதவடியில் குனிந்திருந்து பூட்டைத் திறந்து எடுத்துவிடலாம். பிறகு கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். நைஜல் தலையாட்டினார். அவள் போய் அந்தப் பெண்களுக்கு முன்னால் நிலத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். மெலேயும் பிரையோனியும் தேவதர்ஷினியின் முகத்தைப் பார்த்தார்கள். தேவதர்ஷினி கிருசாந்தியைப் பார்த்தாள். கிருசாந்தி தமிழுக்கு மாறினாள்.

“திறப்பு என்ர கையிலதான் இருக்கும், தர்ஷினி. நான் கதவடியிலதான் நிக்கிறன். ஏலாட்டிக் கதவைத் தள்ளு, அது திறபடும்.”

“திறப்புன்னா?”

“சாவி.”

தேவதர்ஷினி எழும்பிச் சீருடையைத் தட்டிவிட்டாள். மற்ற இருவரும் எழும்பினார்கள்.

முதல் தடவை எல்லாம் சொன்னபடி நடந்தது. பூட்டு விழுந்தது, கமரா ஏறியது, கிருசாந்தி குனிந்து பூட்டைக் கழற்றினாள். பெண்கள் நன்றாகத்தான் கத்தினார்கள். ஆனால் ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தினார். பூட்டுக் கழலுகிற சத்தம் அப்பட்டமாகக் கேட்கிறது. பிள்ளைகள் கத்துகிற நேரத்தில் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் படம் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று நைஜல் கேட்டார். துணியைச் சுற்றித் திறக்கிறேன் என்றாள் கிருசாந்தி. கையின் நிழலும் கதவில் விழுகிறது என்றார் அவர். டீன் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த இடத்தை அன்று பின்னேரத்தோடு விடவேண்டும். நைஜல் குரலைத் தாழ்த்தி, பூட்டியபடியே விடுவோம், எவ்வளவு நேரம், இரண்டு நிமிசந்தானே, திறப்புத்தான் உன் கையில் இருக்கிறதே என்றார்.

கிருசாந்தி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தச் சொல்லைக் கேட்கக் காத்திருப்பதுபோல டீன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். இரண்டு நிமிசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தன் மனதுக்கும் சொல்லிக்கொண்டாள். உள்ளே நிற்கிற பெண்களிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அதுவும் தெரியும். அவள் அமைதி கேட்டாள்.

பூட்டு விழுந்தது. கமரா மேலே ஏறியது. யன்னல் சதுரத்துக்குள் மூன்று முகமும் நெருக்கிக்கொண்டு வந்தன. இந்தமுறை புகையைக் கூட்டச் சொல்லியிருந்தார் நைஜல்; மூடிய அறைக்குள் அது போக இடமில்லாமல் சுவரோடு சுருண்டு திரும்பி வந்தது. பெண்கள் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னார்கள். எங்களைத் திறந்துவிடுங்கள், இனிக் குழப்படி செய்யமாட்டோம். இருமினார்கள். மெலேயின் முகம் கீழே போய் மறைந்தது. கதவில் ஒரு இடி விழுந்தது. யாரோ உள்ளிருந்து தோளால் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. திரும்பவும் தள்ளினார்கள். மானிட்டருக்கு முன்னால் நைஜல் உடம்பை முன்னே சாய்த்து, இதுதான், இதுதான் என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பாவனை எதுவும் இல்லாத பயம் அந்த முகங்களில் வந்திருந்தது. சுற்றி நின்ற அத்தனைபேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் கிருசாந்திக்குக் கேட்டது.

“அக்கா, கதவு தொறக்கல. தொறங்க. அக்கா, மூச்சு முட்டுது.”

மரியாவுக்கு எழுதின வசனத்தில் தமிழ் இல்லை. அந்த இடத்தில் நின்ற அத்தனைபேரிலும் அவள் ஒருத்திக்குத்தான் அந்தச் சொற்கள் விளங்கின. மற்றவர்களுக்கு அது ஒரு நல்ல நடிகை போடுகிற ஓலம். கிருசாந்தி “கட்” என்று கத்தினாள். நைஜல் திரும்பிப் பாராமலே கையை உயர்த்திக் கமராக்காரனுக்கு நிறுத்தவேண்டாம் என்று காட்டினார். அவள் பாய்ந்துபோய்ப் பூட்டுக்குள் திறப்பைப் போட்டாள். அது பாதி திரும்பி இறுகிக்கொண்டது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. தன் முழுப் பலத்தையும் போட்டுத் திருகினாள். திறப்பின் தலை அவளுடைய விரலுக்குள் முறிந்தது.

“இது உண்மை, அவையள் நடிக்கேல்ல” என்று அவள் கத்தினதும் தமிழில்தான். யாருக்கு விளங்கும்? திரும்ப ஆங்கிலத்தில் கத்தினாள். செட் சாமான்களைத் தூக்குகிற பிரிவின் தலைவன் ராவிரி, மாவோரி ஆள், அவளுடைய முகத்தைப் பார்த்தமாத்திரத்தில் முற்றத்தில் நின்ற லொறிக்கு ஓடினான். அவன் பெரிய வெட்டுக் குறட்டோடு திரும்பிவர எடுத்த நேரம் முழுக்க அவள் கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “வாறன், தர்ஷினி, வாறன்” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து கதவில் விழுகிற அடி அவளுடைய உள்ளங்கைக்கு வந்தது. பிறகு அடி நின்றது.

ராவிரி பூட்டை வெட்டினான். புகை முதலில் வந்தது. மெலே நிலத்தில் மயங்கிக் கிடந்தாள். பிரையோனி வாசலிலேயே சத்தி எடுத்தாள். தேவதர்ஷினி தன் வலக்கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்தாள். இரும்புக் கதவில் அடித்து மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அவள் கிருசாந்தியைத் தாண்டிப்போய்ச் சுவரோடு இருந்தாள்.

மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மெலே இரண்டு நாள் ஆசுபத்திரியில் இருந்தாள்.

படப்பிடிப்பு ஒரு கிழமை நின்றது. அரசாங்கத்திலிருந்து வேலைத்தலப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண்மணி வந்தாள். டீனும் கூட இருந்தார். பூட்டு அந்த நேரம் திறந்திருக்க வேண்டியதா என்று அவள் கேட்டாள். ஆமாம், அப்படித்தான் திட்டம் போட்டிருந்தோம் என்றாள் கிருசாந்தி. அது பொய்யில்லை. பூட்டு பழுதாகிவிட்டது என்றார் டீன். அதுவும் பொய்யில்லை. அதிகாரி புகை இயந்திரத்தைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாந்தடவை எடுத்தபோது திட்டம் மாறியதா என்று அவள் கேட்கவில்லை. கிருசாந்தி சொல்லவும் இல்லை. அன்று பின்னேரம் டீன் அடுத்த படத்தின் கதைப்பிரதியை அவளிடம் கொடுத்தார். மோட்டார் சைக்கிளில் திரிகிற பெண்களின் கதை. முதல் பக்கத்தில், இயக்கம் என்பதற்குக் கீழே, அவளுடைய பெயர் இந்தமுறை எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

அந்தப் பிரதி காரின் பின் இருக்கையிலேயே கிடந்தது. வீட்டுக்குள் எடுத்துப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மகேசனிடம் நடந்ததைச் சொன்னாள். இவ்வளவு காலம் இதுக்குத்தானே காத்துக்கொண்டிருந்தீர் என்றான். அவன் அவளைக் குத்திச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தியது.

ஆல்பனியில் தேவதர்ஷினியின் வீட்டுக்கு அவள் போனாள். தாய் நிர்மலாதேவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா எம்பொண்ணு கதி என்னாயிருக்கும்? நீங்கதான் கத்தி நிப்பாட்டினீங்களாம்” என்று சொல்லி அழுதாள். தகப்பன் முனியாண்டி எழுந்து நின்று நன்றி சொன்னார். தேத்தண்ணி, கறிபஃப் எல்லாம் வந்தன. கிருசாந்தி கோப்பையைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. தாய் தகப்பன் எழுந்து உள்ளே போனபிறகுதான் தேவதர்ஷினி வாய் திறந்தாள். கை கட்டுக்குள் இருந்தது.

“தள்ளினா தொறக்கும்னு சொன்னீங்க.”

கிருசாந்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தியது, நிழல், இரண்டு நிமிசம், தான் தலையாட்டியது. சொல்லி முடிக்கும்வரை தேவதர்ஷினி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க வந்து சொல்லியிருந்தா நான் உள்ள போயிருக்கவே மாட்டேன். நீங்க சொன்னதாலதான் போனேன். மெலேயும் என்னை நம்பித்தான் வந்தா.”

மன்னித்துக்கொள் என்று கிருசாந்தி சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் படங்களில் அவள் வேண்டிய அளவுக்குக் கேட்டிருந்தாள். தேவதர்ஷினி பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, மிகவும் சாதாரண விசயம்போல மற்றதைச் சொன்னாள். அந்த ஷாட்டைத்தான் படத்தில் போடப்போகிறார்களாம். தமிழ் கேட்கக்கூடாது என்பதால் ஒலிக்கூடத்துக்கு வந்து அதே இடத்தில் ஆங்கிலத்தில் கத்தித் தரச்சொல்லி நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. போகமாட்டேன் என்றால் வேறொருத்தியைக் கொண்டு கத்தவைப்பார்கள். கை சுகமானதும் அடுத்த படம். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கிறார் அப்பா. அது ஒரு விபத்து, பூட்டு பழுதானது என்று இருக்கும்வரைக்கும் வெளியே வர வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் துறைமுகப் பாலம் முழுக்க வாகனம் அசையாமல் நின்றது. கிருசாந்தி காருக்குள் இருந்தபடி அந்த அதிகாரிக்கு அழைப்பு எடுத்தாள். நான் சொன்னதில் ஒரு பாதி குறைந்துபோனது என்றாள். மற்றப் பாதியையும் சொன்னாள். யார் கேட்டது, யார் பார்த்துக்கொண்டு நின்றது, யார் தலையாட்டியது, யார் உள்ளே நின்றவர்களுக்குச் சொல்லாமல் விட்டது. முன்னால் நின்ற கார் நகர்ந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். டீன் கத்தவில்லை. தளத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பு முதல் உதவி இயக்குநர் என்று நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அது சரிதானே, என்ன மறுப்புச் சொல்வது? நைஜல் தான் ஒரு யோசனையைத்தான் சொன்னதாகவும் முடிவெடுத்தது அவள் என்றும் சொன்னார். அதுவும் பொய்யென்று சொல்ல முடியாது. நிறுவனத்துக்குத் தண்டம் விழுந்தது. அவளுடைய மோட்டார் சைக்கிள் பெண்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக்லாந்தில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அவளுடைய கைபேசி சத்தமில்லாமல் கிடந்தது. ராவிரி மட்டும் ஒருநாள் எடுத்துச் சுகம் விசாரித்தான்.

ஒன்று நடந்தது. பூட்டு பழுதானது மட்டுமல்ல, தெரிந்துகொண்டே பூட்டினார்கள் என்று அதிகாரியின் வாயால் வந்தபிறகு, தேவதர்ஷினியின் வக்கீல் ஒப்பந்தத்தை உடைத்து அவளை வெளியே எடுத்தார். அவள் வெலிங்டனுக்கு நாடகம் படிக்கப் போய்விட்டாள் என்று நிர்மலாதேவி சொல்லித்தான் கிருசாந்திக்குத் தெரியும். தேவதர்ஷினி ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. அனுப்புவாள் என்று கிருசாந்தி பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை.

படம் ஒளிபரப்பானது. ஒரு ஞாயிறு மத்தியானம் மகேசன் அதைக் கணினியில் பிடித்துவிட்டு, பார்க்கப்போறீரோ என்று கேட்டான். ஓம் என்றாள். ஒரே ஷாட்டில் அந்தக் காட்சி முழுதாக இருந்தது. கம்பிக்குப் பின்னால் தேவதர்ஷினியின் வாய் திறந்து மூடியது. எங்களைத் திறந்துவிடுங்கள், இனிக் குழப்படி செய்யமாட்டோம் என்று யாரோ ஒருத்தியின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. உதடுகள் வேறெதையோ சொல்லின. மகேசன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அவள் அக்கா என்றல்லவா கூப்பிடுறாள் என்றான். கிருசாந்தி எழும்பிப் போய் முற்றத்தில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அந்த வாத்தியார் கதவை உடைத்துத் திறந்திருந்தார்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் டீனிடமிருந்து அழைப்பு வந்தது. இடையில் ஒன்றுமே நடவாததுபோல அவர் கதைத்தார். புதுப் படம் தொடங்கவேண்டும். பள்ளிக்கூடக் கதை, மாணவர்கள் வாத்திமாரை மண்டபத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தாங்களும் உள்ளே காவல் நிற்கிறார்கள். போனமுறை நடந்ததற்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. பாதுகாப்பைப் பார்க்கிறவர் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பயப்படாத ஆளாக இருக்கவேண்டும். அந்த அதிகாரியின் அறிக்கையில் உண்மையைச் சொன்னவராக யாருடைய பெயர் இருந்ததோ அந்த ஆள் கிடைப்பாரா என்று அவர்களே கேட்டார்களாம். சொல்லிவிட்டு டீன் சிரித்தார். அவருக்கு அது உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது. நீ வந்தால் காப்புறுதி கிடைக்கும், கிடைத்தால் படம் ஓடும் என்றார். இயக்குநர் யார் என்று அவள் கேட்கவில்லை. நைஜல் என்று அவராகச் சொன்னார்.

“நீர் ஏன் போகவேணும்?” என்றான் மகேசன். “வேண்டாமெண்டு சொல்லும்.”

“நான் போகாட்டி ஒண்டும் கேக்காமல் தலையாட்டுற ஆள் ஒண்டைப் பிடிச்சுப் போடுவினம்.”

“அதுக்கு?”

தான் சொன்னது முழு உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு அழைப்பு ஒன்றும் வரவில்லை என்பதும் உண்மை. விடியக் காலையில் எழுந்து போக ஓரிடம் வேண்டும் என்று உடம்பு கேட்டதும் உண்மை. எது எதைவிடப் பெரிய உண்மை என்று பிரித்துப் பார்க்க அவளுக்குக் களைப்பாக இருந்தது.

அவள் போனாள். விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படப்பிடிப்பு. பெடியன்களும் பெட்டைகளும் தோல் சட்டை போட்டுத் தலைமயிரை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. அவள் ராவிரியைக் கூப்பிட்டு, காட்சியில் பூட்டப்போகிற பெரிய கதவை நிலையில் பிடித்திருக்கிற பிணைச்சல் ஆணிகளைக் கழற்றி, மேலே ஒரு துண்டு நாடாவால் மட்டும் ஒட்டிவிடச் சொன்னாள்; பூட்டியிருந்தாலும் தள்ளினால் கதவு விழவேண்டும். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்தான். நைஜல் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இப்படி என்றால் கதவு ஆடுமே என்றார். ஆடட்டும் என்றாள் கிருசாந்தி. அவர் டீனைப் பார்த்தார். டீன் காப்புறுதிக்காரனை நினைத்துக்கொண்டு தோளைக் குலுக்கினார்.

அவள் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வைத்து அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொருவராக. அவர்களுக்கு அது சலிப்பாக இருந்தது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். வரிசையில் கடைசியாக நின்ற பெடியன், ஏற்கெனவே இத்தனை பேர் தள்ளிப் பார்த்தாயிற்றே, நானும் தள்ளவேண்டுமா என்று கேட்டான். தள்ளத்தான் வேண்டும் என்றாள். அவன் தள்ளினான். கதவு விழுந்தது. அதைத் தூக்கித் திரும்ப நிறுத்துகிறவரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய், எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள்.